பூங்கோதைக்கு ஒரு பிட்டு

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. எல்லாப் பாத்திரங்களையும் நிரப்பினேன். மின் கட்டணம் கட்டிவிட்டேனா என்று சந்தேகம் வந்து ரசீதைத் தேடினேன். கட்டியிருந்தேன்.

மற்றொரு செய்தி. பூங்கோதைக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வு வந்திருக்கிறது. ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் என் மனைவிக்கு! நோயாளிகள் மருத்துவமனைக்குப் போன் செய்து பேசுவதை இப்போது ஓர் இயந்திரம் கேட்டு எழுத்தாக்குகிறதாம். அது ஒழுங்காக எழுதியிருக்கிறதா என்று மனிதர் ஒருவர் கேட்டுத் திருத்த வேண்டும். கோயமுத்தூர்ப் பக்கத்துப் பேச்சு நன்றாகத் தெரிந்தவர்கள் தேவை என்று சென்னையில் ஒரு கம்பெனி விளம்பரம் செய்திருக்கிறது. வேலை வீட்டிலிருந்தே. நேர்முகமும் கணினி வழியாகத்தான், பத்தொன்பதாம் தேதி.

"எப்ப அப்ளிகேசன் போட்ட?" என்று கேட்டேன்.

"நீங்க பல் டாக்டரப் பாக்கப் போனன்னைக்குங்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"சொல்லியிருந்தா யோசிச்சிருப்பீங்க. நீங்க யோசிச்சு முடிக்கறதுக்குள்ள அந்தக் கம்பெனிய இழுத்து மூடியிருப்பாங்க."

பென்ஷன் இருக்கும்போது வேலை எதற்கு என்று கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவள் இருபத்தெட்டு வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்தவள்.

"கோர்ட்டுல ஊரே எம்முன்னால வந்து பேசுச்சுங். அழுதாங்க, பொய் சொன்னாங்க, சத்தியம் பண்ணுனாங்க. நான் ஒரு சொல்லு விடாம எழுதுனேன். இப்ப வீட்டுல பேசறதுக்கு நீங்க ஒருத்தருதான். நீங்களும் 'ம்'ங்கறீங்க. 'ம்'முக்கு எதுக்குங் சுருக்கெழுத்து?"

நான் 'ம்' என்றேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பெங்களூரிலிருந்து மகள் கோகிலா கூப்பிட்டாள். அம்மாவுக்கு விளம்பரத்தை அனுப்பியதே அவள்தானாம்.

"அப்பா, இப்ப முக்காவாசிப் பேரு ஏஐ தொணைலதான் இன்டர்வியூவே அட்டெண்ட் பண்றாங்க. மூணு டூலோட லிங்க் அனுப்பியிருக்கறேன். அம்மாவுக்கு எது சரிவரும்னு ஒப்பிட்டுப் பாத்துச் சொல்லுங்க. உங்களுக்குத்தான் பொறும இருக்குது."

பொறுமை என்று அவள் எதைச் சொல்கிறாளோ. பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் ஒப்பிடுவது எனக்குப் பழக்கம், அவ்வளவுதான். விடைத்தாள்களைத் திருத்தக் கொடுக்கும்போது மாணவன் பெயரை மறைத்து டம்மி நம்பர் போடுவோம். பெயரைப் பார்த்தால் மனம் ஒரு பக்கம் சாயும். ஆகவே மூன்று கருவிகளின் பெயர்களையும் இங்கே எழுதப் போவதில்லை. அ, ஆ, இ என்று வைத்துக்கொள்கிறேன்.

'அ' கேள்வியைக் கேட்டு, பதிலைத் திரையோரத்தில் ஒரு சிறு பெட்டியில் எழுதிக் காட்டும். 'ஆ' பதிலைக் காதில் சொல்லும். 'இ' நேர்முகத்தின்போது ஒன்றும் செய்யாது. முன்கூட்டியே கேள்வி கேட்டுப் பழக்கிவிட்டு, பிறகு குறை நிறை சொல்லும். பார்த்தவுடன் 'இ' வெறும் கோனார் உரை போலத்தான் தெரிகிறது.

'அ'வின் பக்கத்தில் "எதிரில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எங்கள் அலுவலகத்தில் இதற்கு ஒரு சொல் உண்டு. அதை எழுத வேண்டாமென்று பார்க்கிறேன்.

பூங்கோதையிடம் மூன்றையும் விளக்கினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"பிட்டு," என்றாள்.

"இது வேற, கோதை. இது தொழில்நுட்ப உதவி."

"காலேஜ் காலேஜாப் போயி, சட்டக் கைக்குள்ள கைய உட்டுப் பிட்டுப் புடிச்ச மனுசன் நீங்க. இப்பப் பொண்டாட்டிக்கு எந்தப் பிட்டு நல்லாருக்கும்னு பரிச்ச வெக்கறீங்க. உங்க ஆபீசுல தெரிஞ்சா பென்ஷன நிறுத்திருவாங்க."

நிறுத்த மாட்டார்கள். விதிகளை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

கருவி 'அ'வைச் சோதித்தேன். மடிக்கணினியை உணவு மேசையில் வைத்து, நானே தேர்வாளராக அமர்ந்து, "உங்கள் பலம் என்ன?" என்று கேட்டேன். உடனே நல்ல ஆங்கிலத்தில் பதில் வந்தது. கொஞ்சம் நீளம். ஆனாலும் முதல் வகுப்பு கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து பூங்கோதை, "ஏனுங், பால் பொங்குதுங், அடுப்ப அணைங்க! நான் மாவுல கை வெச்சிருக்கறன்," என்று கத்தினாள்.

பெட்டியில் புதிய பதில் வரத் தொடங்கியது. மொழிபெயர்த்து எழுதுகிறேன்: "மிகச் சிறந்த கேள்வி. கொந்தளிப்பான சூழல்களை நிதானமாகக் கையாள்வதில் எனக்கு நீண்ட அனுபவம் உண்டு. முதலில் பிரச்சினையின் வேரைக் கண்டறிவேன். பின்னர் சம்பந்தப்பட்ட அனைவரையும் கலந்தாலோசிப்பேன்."

நான் இதைப் படித்து முடிப்பதற்குள் பால் அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

துடைத்துக்கொண்டிருக்கும்போது அவளுக்கும் படித்துக் காட்டினேன். ஸ்லாப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இது அப்படியே உங்கள மாதிரியே இருக்குதுங். இதுக்கே வேலையக் குடுத்தர்லாம்," என்றாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அடுப்பின் இடது பர்னர் சரியாக எரியவில்லை. பால் அடைத்திருக்கும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று 'ஆ'. பூங்கோதையின் காதில் இயர்போனைப் பொருத்தி, அவளை ஹாலில் உட்காரவைத்து, நான் படுக்கையறையிலிருந்து போன் வழியாகக் கேள்வி கேட்டேன்.

"உங்களுடைய பலவீனம் என்ன?"

பதில் இல்லை. மறுபடி கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "எனது பலவீனம், எனது பலவீனம்," என்றாள். பிறகு, "ஐயோ, போதுங்!" என்று கத்திவிட்டு இயர்போனைப் பிடுங்கிவிட்டாள்.

"என்ன ஆச்சு?"

"காதுக்குள்ள ஒரு ஆம்பள குசுகுசுன்னு பேசறானுங். கூச்சமா இருக்குது. நீங்களே அப்பிடிப் பேசுனதில்ல."

குரலைப் பெண்குரலாக மாற்ற வழி இருக்கிறதா என்று தேடினேன். இருக்கிறது. ஆனால் 'ஆ' சொல்லச் சொல்ல இவளும் சொல்வதால், கேட்கிறவருக்கு ஐயர் சொல்ல மாப்பிள்ளை மந்திரம் சொல்வது போலத்தான் இருக்கும். 'ஆ' தேறவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மீண்டும் 'அ'. இந்த முறை பூங்கோதையே திரைக்கு முன் உட்கார்ந்தாள். மருத்துவமனை வேலை என்பதால் அமைதியான இடம் இருக்கிறதா என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். அதையே கேட்டேன்.

"வீட்டில் யாரெல்லாம் இருக்கிறீர்கள்? இடையூறு இல்லாமல் வேலை செய்ய முடியுமா?"

பெட்டியில் வந்ததை அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள். ஆங்கிலம்தான். பொருள் இது: நான் தனியாக வசிக்கிறேன். என் வீட்டில் எந்த இடையூறும் இல்லை.

படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் என் தாளைப் பார்த்தேன்.

"மெஷினுக்கு உங்களக் கண்ணுலயே தெரியல பாருங்க," என்றாள்.

உண்மைக்கு மாறான தகவல். மதிப்பெண் குறைத்தேன். இன்று மாலை நடையில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தூரம் அதிகமாகப் போய்விட்டேன். காரணம் ஒன்றுமில்லை. காற்று நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 14, வியாழன்

இரவு உணவின்போது என் கருத்தைச் சொன்னேன். மூன்றில் எதுவும் இன்னும் முழுமையாகத் தேறவில்லை. ஆகவே கம்பெனிக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதி, தேதியை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்லலாம். வரைவுகூடத் தயாராக வைத்திருந்தேன்.

"வாய்தா வாங்கறீங்களா?" என்றாள்.

"இல்ல கோதை, தயாரிப்புக்குக் கால அவகாசம்."

"எல்லா வாய்தாவும் அப்பிடித்தானுங் சொல்லுவாங்க. ஒண்ணு கேட்டுக்குங்க. வக்கீல் சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்த சாட்சிய, கூண்டுல ஏறுன ஒடனே கண்டுபுடிச்சரலாம். கேட்டதுக்கு முந்தியே பதில் சொல்லுவான். சொந்தமா வந்தவன் மொதல்ல முழிப்பான், தொண்டையக் கனைப்பான், அப்பறந்தான் சொல்லுவான். நான் முழிச்சுட்டே சொல்லிக்கறன். உங்க அ-வும் வேண்டாம் ஆ-வும் வேண்டாம்."

"உன்னோட இங்கிலீஷ்?"

"அவிங்க வேணுங்கறது கோயமுத்தூர்த் தமிழுங்."

அவள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனாலும் ஒரு மாற்று ஏற்பாடு இல்லாமல் தேர்வுக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. பயந்த சுபாவம் என்று என்னைச் சொல்வார்கள். அதில் தவறில்லை.

ஆகஸ்ட் 16, சனி

பூங்கோதை அக்காவைப் பார்க்கப் பொள்ளாச்சி போயிருக்கிறாள். வீட்டில் யாரும் இல்லாததால் 'இ'யைச் சோதித்தேன். சோதனைக்கு ஒரு விண்ணப்பதாரர் வேண்டுமே, ஆகவே நானே ஆனேன். மேலே மட்டும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டேன்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்," என்றது. ஓய்வு பெற்றவன், தேர்வுப் பிரிவில் இருந்தேன் என்று தொடங்கினேன். என் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்டது. சொன்னேன். யாரும் குறுக்கே பேசாததால் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன் போலிருக்கிறது.

முடிவில் மதிப்பீடு வந்தது: "குரல் தெளிவாக உள்ளது. தயக்கம் அதிகம். உங்களைப் பற்றிய கேள்விகளுக்கு நீங்கள் பெரும்பாலும் பூங்கோதை என்பவரைப் பற்றியே பேசினீர்கள். அவர் உங்கள் மேலதிகாரி என்றால், அவருடைய சாதனைகளுக்குப் பதிலாக உங்கள் சொந்தப் பங்களிப்பைச் சொல்லிப் பழகுங்கள்."

கருவியின் புரிதலில் கோளாறு என்று மதிப்பெண் குறைத்தேன். பிறகு மறுமதிப்பீடு செய்து திரும்பச் சேர்த்தேன்.

அவள் வரும்போது இருட்டிவிட்டது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று கேட்டேன். கிடைத்ததாம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

நாளை நேர்முகம். மின்வெட்டு உண்டா என்று மின்வாரிய அலுவலகத்துக்குப் போன் செய்தேன். இல்லை என்றார்கள். அதைச் சொன்னவரின் குரலில் உறுதி போதவில்லை. இன்வெர்ட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி வைத்தேன்.

எந்தச் சேலை என்று கேட்டாள். நீலம் என்றேன். மெரூன் எடுத்து வைத்தாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதுவதுதான் முறை.

ஹாலில் படுக்கையறைக் கதவுக்கு முதுகைக் காட்டியபடி பூங்கோதை உட்கார்ந்தாள். அங்குதான் வெளிச்சம் முகத்தில் விழுந்தது. நான் படுக்கையறைக்குள் இருந்தேன். கதவைச் சாத்தி வைத்தேன். அவளுக்குத் தெரியாமல் என் போனில் 'அ'வை ஓடவிட்டிருந்தேன். கையில் தடித்த ஸ்கெட்ச் பேனாவும் வெள்ளைத் தாளும். இது பிட்டு அல்ல. கையிருப்பில் ஒரு மாற்று ஏற்பாடு, அவ்வளவே.

தேர்வாளர் ஜெனிட்டா என்ற இளம்பெண். சென்னைப் பேச்சு. சிரித்த குரல். முதலிலேயே கேட்டுவிட்டாள்: "மேடம், ஏஐ டூல் எதுவும் ஓப்பன்ல இல்லையே?"

"இல்லைங் கண்ணு," என்றாள் பூங்கோதை. அவள் அறிந்தவரையில் அது உண்மைதான்.

பிறகு ஒரு ஒலிப்பதிவைப் போட்டார்கள். வயதான ஓர் அம்மாள் மருத்துவமனைக்குப் போன் செய்து பேசியது. "ரொம்ப வலிக்குது கண்ணு. நேத்துப் பொழுதோட இருந்து குனிய முடியல சாமி." இயந்திரம் அதை எப்படி எழுதியிருந்தது என்று ஜெனிட்டா படித்தாள்: "கண் ரொம்ப வலிக்கிறது. நேற்று முதல் குனிந்து சாமி கும்பிட முடியவில்லை." அந்த அம்மாளுக்குக் கண் மருத்துவரிடம் நேரம் பதிவாகிவிட்டதாம்.

பூங்கோதை கனைத்துக்கொண்டாள். "கண்ணுன்னு சொன்னது போன எடுத்த புள்ளையைங். சாமின்னதும் அதே புள்ளையத்தான். அந்தம்மாவுக்குக் கண்ணுக்கு ஒண்ணுமில்ல, இடுப்பு. இங்கெல்லாம் கடக்காரன், பஸ் கண்டக்டரு எல்லாருமே எங்களுக்குக் கண்ணு, சாமிதானுங். இப்ப உங்களயும் அப்பிடித்தான் கூப்பிட்டன்."

"ஐயோ, ஆமா மேடம்! நானும் கண்ணுன்னுதான் நெனச்சேன். எங்க டீம்ல பாதிப் பேரு மெட்ராஸ்," என்று ஜெனிட்டா சிரித்தாள். என் போனில் 'அ' அப்போதுதான், "கண் பராமரிப்பில் எனக்குள்ள ஆர்வம்" என்று எழுதிக்கொண்டிருந்தது.

இன்னும் நாலைந்து பதிவுகள். இரண்டில் தடுமாறினாள், ஒன்றில் தெரியவில்லை என்று நேராகவே சொன்னாள். ஆனால் ஜெனிட்டாவின் குரல் மாறவில்லை. கிட்டத்தட்டக் கிடைத்துவிட்டது என்றே எனக்குத் தோன்றியது.

அப்போதுதான் அந்தக் கேள்வி. "மேடம், வேலை வீட்லருந்துதான். ஆனா முதல்ல ஒரு மாசம் ட்ரெயினிங், சென்னையில. ஹாஸ்டல் நாங்களே தர்றோம். வந்து தங்கிக்க முடியும்தானே?"

பூங்கோதை பேசவில்லை. கனைக்கவும் இல்லை.

போனில் 'அ' எழுதியிருந்தது: "ஆம், மகிழ்ச்சியுடன் வருகிறேன்." பிழையே இல்லாத பதில். நான் அதைப் பார்த்தேன். பேனாவை எடுத்தேன். தாளில் 'யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்' என்று எழுதினேன். குனிந்து கதவுக்கு அடியில் தள்ளினேன்.

பெரிய தாள். பாதி போய்ச் சிக்கிக்கொண்டது. மீண்டும் தள்ளினேன். காமிராவுக்கு அந்தக் கதவு முழுதாகத் தெரியும் என்பது, எத்தனையோ தேர்வறைகளில் நாற்காலி மேசை போடச் சொன்ன எனக்குத் தோன்றவே இல்லை.

"மேடம்," என்றாள் ஜெனிட்டா. "உங்க பின்னால கதவுக்கு அடியில இருந்து ஏதோ பேப்பர் வருது."

நாற்காலி நகரும் சத்தம். தாள் என் விரலை விட்டுப் போனது.

"எங்க வீட்டுக்காரருங்," என்றாள் பூங்கோதை. "யூனிவர்சிட்டில பிட்டுப் புடிக்கற வேலைல இருந்தவரு. இப்பத்தான் மொத மொதல்லக் குடுத்துப் பாக்கறாரு."

"என்ன எழுதியிருக்காரு மேடம்?"

அவள் அதைக் காமிராவுக்குக் காட்டினாள் என்றே நினைக்கிறேன். ஜெனிட்டா சிரித்தாள், பிறகு நிறுத்திக்கொண்டாள்.

"வீட்டுல பேசிட்டுச் சொல்றனுங் கண்ணு," என்று பூங்கோதை சொல்லி முடித்தாள்.

வெளியே வந்தபோது அவள் மடிக்கணினியை மூடிக்கொண்டிருந்தாள். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். "மூணு மெஷின்ல ஒண்ணுகூட இந்தப் பதிலக் குடுத்திருக்காதுங்," என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மெரூன் சேலையை மாற்றிக்கொள்ளாமலே சமையலறைக்குப் போனாள்.

ஏன் அப்படி எழுதினேன் என்று தெரியவில்லை. பொதுவாக எதையும் யோசித்துச் சொல்வதுதான் நல்லது.

ஆகஸ்ட் 20, புதன்

பர்னரைக் கழற்றி ஊசியால் சுத்தம் செய்தேன். இப்போது நன்றாக எரிகிறது. அவளிடம் காட்டினேன். "ம்," என்றாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சென்னையிலிருந்து தகவல் இல்லை. சென்னையைப் பற்றி அவள் என்னிடம் பேசவும் இல்லை. வீட்டில் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னவள் வீட்டில் பேசக் காணோம். ஒருவேளை நான்தான் ஆரம்பிக்க வேண்டுமோ? காபி குடிக்கும்போது ஆரம்பிக்கலாம் என்று நினைத்தேன். பேப்பரில் தக்காளி விலை இறங்கியிருப்பதாகப் போட்டிருந்தது. அதைச் சொன்னேன்.

கோகிலா இரவு கூப்பிட்டாள். "ரிசல்ட் என்னப்பா?" "இன்னும் வரல." "டூல் எது யூஸ் பண்ணுனீங்க?" "எதுவும் யூஸ் பண்ணல." "அம்மா ஏன் டல்லாப் பேசறாங்க?" பருவநிலை என்றேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஹாலில் நேர்முகத்துக்காக அவளுக்கென்று ஒதுக்கிய மேசையிலிருந்து மடிக்கணினியை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். மேசையில் மறுபடி துணி மடித்து வைத்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

காலை பதினொரு மணி இருக்கும். பூங்கோதை மிளகாய்த்தூள் அரைக்க மாவு மில்லுக்குப் போயிருந்தாள். அவள் போன் சார்ஜரில் இருந்தது. அது அடித்தது. பிறர் போனை நான் எடுப்பதில்லை. நின்றது. மறுபடி அடித்தது. எடுத்தேன்.

"பூங்கோதை மேடமா?"

"அவங்க கணவர்."

"ஓ, பேப்பர் சாரா?" ஜெனிட்டாதான். "சார், மேடம் செலக்ட் ஆயிட்டாங்க. ஆனா ட்ரெயினிங்க்கு வருவாங்களான்னு இன்னும் சொல்லல. வர்ற திங்கள்கிழமை ஆரம்பிக்குது. லிஸ்ட்ட இப்ப அனுப்பியாகணும். இல்லன்னா அடுத்த ஆளக் கூப்பிட்டுருவோம். உங்ககிட்டப் பேசுனாங்களா? வர்றாங்களா சார்?"

பேசவில்லை என்று சொல்லியிருக்கலாம். உண்மை அதுதான். விசாரித்துச் சொல்கிறேன் என்றும் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அடுத்த ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள். அதில் என் தவறு என்று யாரும் சொல்ல முடியாது.

"வருவாங்க," என்றேன்.

"ஷ்யூரா சார்? யோசிச்சுச் சொல்றீங்களா?" கிண்டல் செய்கிறாள் என்று கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது.

"யோசிச்சாச்சும்மா. வருவாங்க. எழுதிக்குங்க."

போனை வைத்தேன். ஒருவர் எழுத வேண்டிய விடையை இன்னொருவர் எழுதுவதற்கு எங்கள் அலுவலகத்தில் பெயர் ஆள்மாறாட்டம். பிட்டைவிடப் பெரிய குற்றம். மூன்று வருடம் தேர்வெழுதத் தடை. அவள் போனைக் கையில் எடுத்து, செருப்பைப் போட்டுக்கொண்டு மில்லுக்குக் கிளம்பிவிட்டேன். வீட்டைப் பூட்டினேனா என்று பாதி வழியில் சந்தேகம் வந்தது. திரும்பிப் போகவில்லை.

மில்லுக்குள் நாலைந்து பெண்கள் தூக்குச் சட்டிகளோடு நின்றிருந்தார்கள். இயந்திரத்தின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. பூங்கோதை கூம்புக்குப் பக்கத்தில், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"போன் வந்துச்சு!" என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை.

"என்னங்?"

"நீ போறேன்னு சொல்லிட்டேன்!"

"எங்கீங்?"

நான் என் வாழ்நாளில் அவ்வளவு உரக்கப் பேசியதில்லை. "சென்னைக்குப் போ! ஒரு மாசம்! நான் இருந்துக்குவேன்!" என்று கத்தினேன். 'நான் இருந்துக்குவேன்' என்பதற்கு முன்னால் மில்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். அது மட்டும் தனியாக, சுத்தமாக எல்லோருக்கும் கேட்டது.

வரிசையில் நின்ற ஓர் அம்மாள், "ஏக்கா, சண்டைங்களா?" என்று பூங்கோதையிடம் கேட்டாள்.

"சண்டையில்லக்கா, உத்தரவு," என்றாள் பூங்கோதை. என் பக்கம் திரும்பினாள். "என்னையக் கேக்காமச் சொல்லிட்டீங்களா?"

"கேட்டிருக்கணும். தப்புதான். இப்பக்கூடப் போன் பண்ணி மாத்திக்கலாம்."

"இந்தப் பதிலுக்குப் பிட்டு யாருங் குடுத்தா? அ-வா, ஆ-வா?"

"யாரும் குடுக்கல."

அவள் என்னைப் பார்த்தபடியே இருந்தாள். மில்காரர், "ஐயாவ வெளிய நிக்கச் சொல்லுங்கம்மா, கண்ணுல தண்ணியாக் கொட்டுது," என்றார்.

மிளகாய் நெடி. பழக்கமில்லாதவர்களுக்கு அப்படித்தான் ஆகும். வெளியே வந்து நின்றேன். அவள் தூக்குச் சட்டியோடு வந்து, "சூடா இருக்குது, பாத்துப் புடிங்க," என்று என்னிடம் கொடுத்துவிட்டு, போனை வாங்கி அங்கேயே ஜெனிட்டாவுக்குப் போட்டாள். தெரு முழுக்கப் பேசிக்கொண்டே முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன்.

வீடு பூட்டியிருக்கவில்லை. ஒன்றும் போகவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை. இட்லிப் பானைக்கு எவ்வளவு தண்ணீர், குக்கருக்கு எத்தனை விசில் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தேன். "பிட்டு வெச்சுச் சமைக்கக் கூடாதுங்," என்று பிடுங்கிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

காலை ரயிலில் ஏற்றிவிட்டேன். ஜன்னலோர இருக்கை. தண்ணீர் பாட்டில், மாத்திரை, சார்ஜர், கண்ணாடி எல்லாம் இருக்கிறதா என்று கேட்டேன். எல்லாம் இருக்கிறது என்றாள். மறுபடி கேட்டேன். ரயில் நகர்ந்தது.

செப்டம்பர் 1, திங்கள்

குழாயில் தண்ணீர் வந்தது. இரண்டு குடம் போதுமானதாக இருந்தது.

மதியம் ரசம் வைத்தேன். சாயங்காலம் அவள் கூப்பிட்டாள். பயிற்சி நன்றாகப் போகிறதாம். ஹாஸ்டலில் கூட இருப்பவர்கள் மதுரை, நாகர்கோவில், தஞ்சாவூர் என்று ஊருக்கு ஒருத்தியாம். ஒருத்தி பேசுவது இன்னொருத்திக்குப் புரியவில்லையாம்.

"சாப்ட்டீங்களா?"

"ம்."

"என்ன வெச்சீங்?"

"ரசம்."

"எப்பிடி இருந்துச்சுங்?"

நன்றாக இருந்தது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "உப்பு அதிகம். நீ இல்லாம ஒண்ணுமே நல்லால்ல, கோதை," என்று வந்துவிட்டது.

அந்தப் பக்கம் நாலைந்து பெண்கள் ஒன்றாகச் சிரிக்கும் சத்தம். "அக்கா, அண்ணன மறுபடி சொல்லச் சொல்லுங்க, எழுதிக்கிறோம்," என்று ஒரு மதுரைக் குரல். போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்திருக்கிறாள்.

எனக்குக் காது வரை சூடேறிவிட்டது. ஆனாலும் போனை வைக்கவில்லை.